உப்புக் கிட்டங்கியில் இறங்குகிறவர்கள்

கடலோர மாவட்டம் என்றால் கடல் பக்கத்தில் இருக்கும் என்றொரு நம்பிக்கை வெளியூர்க்காரர்களிடம் இருக்கிறது, சார். படித்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. இது தவறு. இதை முதலில் திருத்தாமல் உங்களுக்கு வழி சொன்னால் அது பொறுப்பான செயல் ஆகாது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த சிமெண்டு பெஞ்சிலிருந்து புன்னைமுனைக் கடல் பதினாலு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். பதினைந்து என்று சொல்வார்கள். அது சோம்பேறித்தனம். மத்தியானம் காற்று திரும்பினால் உப்பு வாசனை இங்கே வரைக்கும் வரும். வாசனையை நம்பி நடக்க ஆரம்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பிறவிப்பெருமாள். இந்த சேந்தன்பட்டினம் பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை. டி.கே. அண்ணாச்சி என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள்.

அந்த போர்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 'சுற்றுலாப் பயணிகளுக்கான உள்ளூர்ப் போக்குவரத்து வசதிகள்.' அதிலுள்ள வாசகம் என்னுடையதுதான். 'பதினேழு பி, புன்னைமுனை கலங்கரை விளக்கம், காலை 10.40' என்று போட்டிருக்கிறது. அதில் பிழை இல்லை. எழுதிய அன்றைக்கு பஸ் இருந்தது. பஸ்தான் பிற்பாடு இல்லாமல் போய்விட்டது. ஒரு வரியை அழிக்க வேண்டுமானால் டிப்போவிலிருந்து எழுத்து மூலமாக வர வேண்டும். போன செப்டம்பரிலிருந்து வரவில்லை. நானாக அழிக்க முடியுமா? நாளைக்கு ஆளாளுக்கு ஒரு வரியை அழிப்பார்கள்.

வேறு வழி இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஷேர் ஆட்டோ இருக்கிறது. மூன்று பேர் என்று பின்னால் எழுதியிருக்கும், ஒன்பது பேர் சேர்ந்தால்தான் எடுப்பான். ஒன்பதாவது ஆள் டிரைவருக்கு இடது பக்கம் பாதி உட்கார வேண்டும். அந்த பாதி ஆளாக நீங்கள் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் விலக்கு வரைக்கும்தான் போகும். விலக்கு என்றால் மெயின் ரோட்டிலிருந்து புன்னைமுனை ரோடு பிரிகிற இடம். அங்கிருந்து கடல் ஆறு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உப்பளம், மரம் கிடையாது. மினி பஸ் ஒன்று உண்டு, ஆனால் அது உப்பளத்து ஆபீசோடு திரும்பிவிடும். தனி ஆட்டோ பிடித்தால் வெளியூர் ஆள் என்று முகத்தைப் பார்த்தே வாடகையைக் கூட்டிச் சொல்லிவிடுவான். அதிலும் உங்கள் கழுத்தில் கேமரா வேறு கிடக்கிறது. மீன் ஏற்றுகிற சின்ன வேன் இருக்கிறது, குட்டியானை என்பார்கள். காலையில் இங்கே மீனை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். பின்னால் நின்றுகொண்டு போகலாம். சட்டையை அப்புறம் போட முடியாது.

ஆக, வசதிகள் இருக்கின்றன. போய்ச் சேருவது வேறு விஷயம்.

பஸ் ஏன் நின்றது? கூட்டம் இல்லை, சார். அதற்கு மேல் காரணம் கிடையாது. புன்னைமுனைக்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அங்கே போகிறீர்கள் அல்லவா, கேட்பீர்கள். என் பெயரையும் சொல்லலாம். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் ஆறு பேர் சேர வேண்டும், நேரம் இருக்கிறது.

பதினேழு பி காலையில் ஏழேகாலுக்குப் புன்னைமுனையில் எடுக்கும். உப்பளம், விலக்கு, அப்புறம் ஊருக்குள் வந்ததும் பெண்கள் பள்ளி, ஆஸ்பத்திரி, உப்புக் கிட்டங்கி. கடைசியில் பஸ் நிலையம், எட்டு பத்து. இதில் உப்புக் கிட்டங்கி என்கிற நிறுத்தத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து உப்பு கோடவுன், இப்போது பூட்டிக் கிடக்கிறது. இங்கிருந்து முந்நூற்றைம்பது மீட்டர். மீன்காரிகள் அங்கேதான் இறங்குவார்கள். இருபத்தைந்து பேர் வரும், சில நாள் முப்பது. விடியக்காலம் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து, கிட்டங்கியில் இறங்கி, தெருத்தெருவாகப் போவார்கள். சாயங்காலம் அங்கேயே ஏறிக்கொள்வார்கள்.

ஏன் நிலையத்துக்குள் வருவதில்லை என்றால், நான் ஒரு போர்டு வைத்திருக்கிறேன். இது வேறு போர்டு, வாசலில் மஞ்சளாக இருக்கிறதே, அது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மீன் தண்ணீர் சிந்தி, ஒரு ஜவுளிக்கடை முதலாளி வழுக்கி விழுந்தார். வெள்ளை வேட்டி. அவர் புகார் எழுதினார், புகாருக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் அல்லவா? 'மீன், கருவாடு, நண்டு, இறால் ஆகியவற்றையோ அவை இருந்த கூடைகளையோ நிலைய வளாகத்துக்குள் இறக்கக் கூடாது.' 'அவை இருந்த கூடைகளையோ' என்பதை நான்தான் சேர்த்தேன். இல்லாவிட்டால் மீனை விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்து நிற்பார்கள். நாற்றம் மீனிலா இருக்கிறது, கூடையில் இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு செதில் இந்தத் தரையில் விழவில்லை. வேறெந்த நிலையத்திலும் இப்படிப் பார்க்க மாட்டீர்கள்.

மீன்காரிகளும் மனஸ்தாபம் ஒன்றும் பட்டுக்கொள்ளவில்லை. பழகிவிட்டார்கள். அதில் மிக்கேலம்மா என்று ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். புருஷன் கடலுக்குப் போனவன் வரவில்லை, ஏழெட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள், ஜெசிந்தா. புன்னைமுனையில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்கிற பெண் பிள்ளைகள் இந்த பஸ்ஸில்தான் இங்கே வரும், மொத்தம் பதினோரு பேர். ஜெசிந்தா பத்தாவதில் நானூற்று அறுபத்தொன்று. பத்திரிகையில் வருகிற மார்க் இல்லை, ஆனால் அந்தக் கரையில் அதற்கு முன்னால் யாரும் வாங்காத மார்க். மிக்கேலம்மா அன்றைக்கு எங்கள் வீட்டில் மீனுக்குக் காசு வாங்கவில்லை. பதினோராம் வகுப்பில் கணக்கு, அறிவியல் குரூப் கிடைத்தது. பாங்கில் வேலைக்குப் போவேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்ததாம். கணக்கு குரூப் எடுத்தால்தான் பாங்கு வேலை கிடைக்கும் என்பதும் ஒரு தவறான நம்பிக்கை. நான் எடுத்துச் சொன்னேன். மிக்கேலம்மா, "அவ படிக்கட்டும் அண்ணாச்சி, எதுவா இருந்தாலும் கூடை இல்லாத வேலையா இருந்தாச் சரி" என்றாள்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் அவள் இந்த நிலையத்து வாசலில் வந்து நின்றாள். சங்கிலி கட்டியிருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம். தலையில் கூடை இருந்ததால் உள்ளே வரவில்லை. ஒழுங்கானவள், அதையும் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, நம்ம பஸ்ஸ நிப்பாட்டப் போறாவளாமே."

"இன்னும் முடிவாகவில்லை. எண்ணச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது."

"யாரு எண்ணுதா?"

"நான்தான்."

அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறைக்க விரும்பவில்லை. என்னை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"கூடக் கொறச்சி ஒண்ணும் எழுத வேண்டாம் அண்ணாச்சி. உள்ளத உள்ளபடி எழுதுங்க. அது போதும்."

"நான் வேறு எப்படி எழுதுவேன்?"

"அதான் சொல்லுதேன். பஸ்ஸு நிக்கலன்னா ஜெசிந்தா ரெண்டு வருசத்த முடிச்சிருவா. நின்னுட்டுன்னா நான் அவள எப்படி அனுப்ப? விலக்குக்கு ஆறு கிலோமீட்டரு, பொட்டக்காடு."

"உள்ளதை எழுதுகிறேன்" என்றேன். வாக்கு, சார். அந்த வாக்கை நான் ஒரு இம்மிகூட மீறவில்லை. நீங்களே கேளுங்கள்.

கடிதத்தில் என்ன இருந்தது என்றால், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு பாஸ். கண்டக்டர் கிழிக்கிற இலவச டிக்கெட்டை வைத்துக் கூட்டத்தை முடிவுசெய்ய முடியாது, பஸ்ஸைக் காப்பாற்ற அவர்களே சும்மா கிழிப்பார்கள் என்று மேலே ஒரு சந்தேகம். ஆகவே ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை நடையில் 'நிலையத்தில் வந்து இறங்கும் பயணிகளை' டைம் கீப்பர் கண்ணால் எண்ணி அறிக்கை தர வேண்டும். நிலையத்தில். இந்தச் சொல்லை நான் அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டியவர், தூங்கிவிட்டார். இன்னொருவர் உங்களைப் போலக் கலங்கரை விளக்கம் பார்க்கப் போய், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பியவர். செவ்வாய் யாரும் இல்லை. கண்டக்டர் இசக்கியப்பன் படியில் நின்றபடியே நான் எழுதுவதை எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, சைபர் போடுதிய? கிட்டங்கில இப்பதான் இருபத்தாறு பேரு எறங்குச்சு. பள்ளிக்கூடத்துல பதினோரு பிள்ளைய. ஆஸ்பத்திரில நாலு."

"நிலையத்தில் யார் இறங்கினார்கள்?"

"நானும் டிரைவரும்."

"நீங்கள் பயணிகள் இல்லை."

"கிட்டங்கி எங்க இருக்கு அண்ணாச்சி? இங்கேருந்து தும்முனா அங்க கேக்கும்."

"கடிதத்தில் தும்மல் தூரம் என்று போடவில்லை, இசக்கியப்பா. நிலையம் என்று போட்டிருக்கிறது."

அவனுக்குக் கோபம். இந்தத் தலைமுறைக்குக் கடிதத்தைப் படிக்கிற பொறுமை இல்லை. புதன்கிழமை ஒரு ஆள் ஒரு ஆட்டோடு இறங்கினார். ஒன்று என்று எழுதினேன். இசக்கியப்பன், "ஆட்டயும் சேத்துக்கிடுங்க அண்ணாச்சி, அதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு போட்டுருக்கேன்" என்றான். கிண்டல். ஆடு பயணி அல்ல. அதற்கும் விதி உண்டு, எடுத்துக் காட்டினேன்.

அன்றைக்கு அவன் மீன்காரிகளிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், கிட்டங்கியில் இறங்காதீர்கள், நிலையத்துக்கே வாருங்கள், அண்ணாச்சி இறங்குகிற தலையைத்தான் எண்ணுகிறார் என்று. வியாழக்கிழமை பஸ் உள்ளே வரும்போதே நாற்றம் முன்னால் வந்தது. எட்டு பத்து. இருபத்தெட்டு பேர் உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள், கூடையும் கையுமாக. மிக்கேலம்மா முதல் ஆளாகப் படிக்கு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி."

நான் படியில் கையை வைத்து மறித்தேன். சந்தோஷமாக மறிக்கவில்லை, சார். ஆனால் மஞ்சள் போர்டு அங்கேயே இருக்கிறது, எனக்குப் பின்னால் இரண்டு கஜத்தில். ஒன்பது வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காததை அன்றைக்கு ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்தால், மறுநாள் அது போர்டா, தகரமா?

"கூடையோடு இறங்க முடியாது, மிக்கேலம்மா."

"இந்தா எறங்கி, அந்தா போயிருதோம். ஒரு நிமிசம்."

"கூடை தரையில் படக் கூடாது."

"தலையில வச்சுக்கிட்டே நிக்கோம். எண்ணுங்க."

"வளாகத்துக்குள் இறக்கக் கூடாது என்று இருக்கிறது. தலையில் இருந்தாலும் இறக்கியதுதான்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப பஸ்ஸுக்குள்ள வச்சே எண்ணுங்களேன், இருபத்தெட்டு தலை தெரியலயா?" என்று கத்தினாள். தெரிந்தது. நான் குருடன் இல்லை. ஆனால் இறங்கும் பயணிகள் என்று கடிதத்தில் இருக்கிறது. இறங்காதவரை எப்படி இறங்கியவர் என்று எழுதுவது? நானே ஒரு யோசனை சொன்னேன், அதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கூடையைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள், எண்ணிவிடுகிறேன், திரும்ப ஏறிக் கிட்டங்கிக்குப் போய்விடுங்கள் என்றேன். நல்ல யோசனைதான். ஆனால் அதே பஸ்ஸை எட்டு பதினைந்துக்கு வேறு தடத்தில் எடுக்க வேண்டும், ஏறுவதற்கு ஆட்கள் கீழே நெருக்குகிறார்கள். கூடையை விட்டுவிட்டு முதலில் இறங்க ஒருத்தியும் தயாராக இல்லை. மீன் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தி கூடையில் சீலா, ஒருத்தி கூடையில் வெறும் சாளை. இறங்கி ஏறினால் எது யாருடையது என்று அங்கேயே சண்டை வரும். ஐந்து நிமிடம் முடிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கிட்டங்கியில் இறக்கிவிட்டு வந்தார்கள். அந்த நடையே பதினோரு நிமிடம் தாமதம். அதையும் எழுதினேன்.

வியாழன், சைபர்.

படியிலிருந்து திரும்பும்போது மிக்கேலம்மா என்னைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். பள்ளி நிறுத்தத்தில் இறங்காமல், பதினோரு பேரும் நிலையம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இது ஜெசிந்தாவின் ஏற்பாடு. கையில் கூடை கிடையாது, புத்தகப் பைதான். மறிக்க ஒரு காரணமும் இல்லை, நான் மறிக்கவும் இல்லை. வரிசையாக இறங்கினார்கள். ஜெசிந்தா கடைசியில் இறங்கி, "பதினொண்ணு, மாமா. சரியா இருக்கா?" என்றாள். சரியாக இருந்தது. பதினொன்று என்று அவள் கண் முன்னாலேயே எழுதினேன். அப்புறம் எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள், இரண்டு கிலோமீட்டர். எட்டேகாலுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அன்றைக்கு வகுப்பு முடிகிற வரைக்கும் பதினோரு பேரையும் வராந்தாவில் முழங்கால் போட வைத்துவிட்டார்களாம். சனிக்கிழமை பள்ளி இல்லை, மீன்காரிகளும் பழையபடி கிட்டங்கியிலேயே இறங்கிவிட்டார்கள், சைபர். ஞாயிற்றுக்கிழமை புன்னைமுனையில் பூசை, யாரும் கடலுக்கும் போக மாட்டார்கள், ஊருக்கும் வர மாட்டார்கள். பஸ் காற்றை ஏற்றிக்கொண்டு வரும்.

கூட்டினால் பதினாலு. ஏழால் வகுத்தால் இரண்டு. தசமப் புள்ளிகூட வரவில்லை, அவ்வளவு சுத்தமான அறிக்கை. அனுப்புவதற்கு முன்னால் மூன்று தடவை சரிபார்த்தேன். அறிக்கையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். நான் வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, உள்ளதை உள்ளபடி என்று. அதனால் எழுதினேன். 'வெள்ளியன்று இறங்கிய பதினொருவர் வழக்கமாகப் பெண்கள் பள்ளி நிறுத்தத்தில் இறங்குபவர்கள். அன்று ஒரு நாள் மட்டும் நிலையம் வரை வந்தனர்.'

மறைத்திருக்கலாம் என்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. மறைத்தால் அது பொய் இல்லையா?

டிப்போ மேனேஜர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். "பெருமாள், குறிப்பைப் பார்த்தேன். அப்ப அந்தப் பதினொண்ணக் கழிச்சிரலாமா?" என்றார். "நடைமுறைப்படி பார்த்தால் கழிக்கலாம், சார்" என்றேன். "மூணு பேரு ஒரு வாரத்துக்கு. என்னய்யா இது, இந்த பஸ்ஸ எதுக்கு ஓட்டுதோம்? வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். வேறு என்ன இருக்கிறது, கடிதத்தில் கேட்டதெல்லாம் எழுதியாகிவிட்டது. இல்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி பதினேழு பி நின்றது.

என் மனைவி கோமு ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். "ஏங்க, கூடையக் கொண்டு உள்ள வரக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க. உள்ள வந்தவளத்தான் எண்ணுவேன்னு சொன்னதும் நீங்க. ரெண்டையும் சேத்து வச்சு ஒரு தடவ பாத்தீயளா?" அவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது. போர்டு புகார்க் கோப்பு. கடிதம் தடக் கோப்பு. இரண்டும் வேறு வேறு கோப்பு, வேறு வேறு அலமாரி. அதைச் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் இந்த விஷயம் பேசுவதில்லை. வேறு விஷயங்களும் கொஞ்சம் குறைவுதான்.

இப்போது மீன்காரிகள் சேர்ந்து குட்டியானை பிடித்துக்கொள்கிறார்கள். ஏலம் முடிகிற நேரத்துக்கு எடுப்பான். ஒரு நாள் ஆறு மணி, ஒரு நாள் ஒன்பது. அந்த வண்டியில் பிள்ளைகளையும் ஏற்றி அனுப்பலாம்தானே என்று நான் கேட்டேன், டிசம்பரில், மிக்கேலம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது. எங்கள் தெருவுக்கு அவள் இப்போது வருவதில்லை. நேரம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

"ரெண்டு வாரம் அனுப்பிப் பாத்தேன் அண்ணாச்சி. யூனிபாரத்துல மீன் தண்ணி சொட்டிருது. பக்கத்துல ஒரு பிள்ளையும் உக்கார மாட்டேங்காம். தனி பெஞ்சுல உக்கார வச்சாவளாம்."

"விலக்கு வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ..."

"நடந்தா. பொறவு ஒரு நாளு உப்பளத்துல ரெண்டு பேரு பைக்க நிறுத்திட்டு நின்னானுவ. அதோட நானே போ வேண்டாம்னுட்டேன்."

"இப்போது என்ன செய்கிறாள்?"

"இறால் கம்பெனில தலை கிள்ளுதா. வீட்டுக்கு வேன் வந்து ஏத்திக்கிடும்."

போக்குவரத்து வசதி அந்த வேலைக்கு இருக்கிறது, பாருங்கள். அதை நான் சொல்லவில்லை, மனதில் நினைத்துக்கொண்டேன். அவள் கூடையைத் தலையில் ஏற்றப் போனாள். ஒரு கை கொடுத்தேன். அப்போது கேட்டுவிட்டேன். இவ்வளவு நாளாக மனதில் கிடந்தது. புன்னைமுனையில் என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள் என்று இசக்கியப்பன் சொல்லியிருந்தான். "மிக்கேலம்மா, உனக்கு என் மேல் ஏதாவது வருத்தமா?"

தலையில் ஏறிய கூடையைச் சரிசெய்துகொண்டாள். "நான் சொன்னததான அண்ணாச்சி செஞ்சிய. உள்ளத உள்ளபடி எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்."

கேட்டீர்களா? அவளே சொன்னாள். பாதிக்கப்பட்டவள் வாயாலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் யார் என்ன பேசினாலும் எனக்குக் கவலையில்லை. நீங்கள் புன்னைமுனையில் டீக்கடையில் உட்காரும்போது யாராவது ஆரம்பித்தால் இதை மட்டும் சொல்லுங்கள்.

ஆட்டோவுக்கு இன்னும் நாலு பேர் வேண்டும். வெயில் ஏறுகிறது, அந்தத் தூண் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். கலங்கரை விளக்கம் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான் திறந்திருக்கும். நாலரைக்கு மேல் விலக்கிலிருந்து ஆட்டோ கிடையாது, அங்கே வரைக்கும் திரும்பி நடக்கவே ஒன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால் நீங்கள் மேலே ஏறிப் பார்க்க நேரம் வராது. போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

மற்ற பிள்ளைகளா? பதினோரு பேரில் இரண்டு பேர் இங்கே சித்தி வீட்டில், மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குச் சரியான தகவல் இல்லை. தெரியாததைச் சொல்வதில்லை. தெரிந்தது ஒன்று சொல்லலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச சைக்கிள் இந்தத் தை மாதம்தான் வந்தது. லாரிக்காரன் வழி தெரியாமல் இங்கே வந்து நிறுத்தினான். பெண்கள் பள்ளிக்கு நான்தான் வழி சொன்னேன். பட்டியல் ஜூலையில் எடுத்தது, அதனால் புன்னைமுனைப் பெயர்கள் நாலு அதில் இருந்தன. வாங்கிக்கொள்ள ஆள் வராத நாலு சைக்கிளும் வாட்ச்மேன் ஷெட்டில் நிற்கின்றன. ஹேண்டில்பாரில் பெயர் எழுதிய அட்டை நூல் கட்டித் தொங்குகிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி தலைமையாசிரியை போன வாரம் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.